லாரிசா கால்பந்துக் கழகம்

கிரேக்க நாட்டின் தெசலிச் சமவெளியில், பினியோஸ் ஆற்றங்கரையில் அமைந்த லாரிசா நகரின் கால்பந்துக் கழகம். முழுப்பெயர் அத்லிதிகி எனோசி லாரிசாஸ், சுருக்கமாக ஏ.இ.எல். நிறங்கள் கருஞ்சிவப்பும் வெள்ளையும். ரசிகர்கள் ‘சமவெளியின் அரசி’ என்பர். 1987–88 பருவத்தில் கிரேக்க லீக் பட்டத்தை வென்றது. ஏதென்ஸ் (அதன் துறைமுகமான பிரேயஸ் உட்பட), தெசலோனிகி ஆகிய இரு பெருநகர்களுக்கு வெளியேயிருந்து அப்பட்டத்தை எட்டிய கழகம் இதுவரை இது ஒன்றுதான்.

தோற்றம்: 1964 மே மாதத்தில் இராக்லிஸ், ஆரிஸ், தோக்சோதிஸ், லாரிசைகோஸ் என்ற நான்கு உள்ளூர்க் கழகங்கள் இணைந்து இக்கழகம் உருவானது. ஊரின் பலம் நான்காகச் சிதறிக் கிடந்ததே இணைப்புக்குச் சொல்லப்படும் காரணம். சின்னம் ஓடும் குதிரை. தெசலி பண்டைக்காலம் முதலே குதிரை வளர்ப்புக்குப் பேர்போன பகுதி. கி.மு. 4ஆம் நூற்றாண்டு லாரிசா வெள்ளிக் காசுகளின் ஒரு பக்கத்தில் நீர்த்தேவதை லாரிசாவின் முகமும், மறுபக்கத்தில் தலை தாழ்த்தி மேயும் குதிரையும் பொறிக்கப்பட்டுள்ளன. அலெக்சாண்டரின் புகழ்பெற்ற குதிரை புசெபலஸை விற்கக் கொண்டுவந்தவரும் தெசலிக்காரரே என்று புளூட்டார்க் எழுதுகிறார். கால்பந்துக் கழகத்துக்கு இந்தப் பழங்கதை அவசியமா என்று கேட்கலாம்; லாரிசாக்காரர்கள் அவசியம் என்பார்கள்.

முதல் பிரிவுக்கு 1973இல் ஏறி, 1975இல் இறங்கி, 1978இல் மீண்டது.

1980கள்: தலைநகர்க் கழகங்களின் ஆதிக்கத்தை மாகாண அணிகள் ஆங்காங்கே உடைத்த காலம் இது. 1980இல் கஸ்தோரியாவும் 1987இல் கிரீட் தீவின் ஓ.எஃப்.ஐ.யும் கிரேக்கக் கோப்பையை வென்றன. ஆனால் அந்த வெற்றிகள் நாக்-அவுட் போட்டியில் கிடைத்தவை. பருவம் முழுவதும் தாக்குப்பிடித்தது லாரிசாதான். 1982 கோப்பை இறுதியில் பனாதினைகோஸிடம் தோற்ற அணி, 1982–83இல் லீகில் இரண்டாம் இடம் பிடித்தது. 1984 இறுதியிலும் பனாதினைகோஸிடமே தோல்வி. 1985இல் அதே ஆண்டின் லீக் வாகையரான பாவோக் அணியை 4–1 என வீழ்த்தி, முதல் கோப்பையைக் கொண்டுவந்தது. அப்போதைய பயிற்றுநர் போலந்துக்காரரான அன்ஜெய் ஸ்ட்ரெய்லாவ். 1974 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற போலந்து அணியில் இருந்த காசிமியேஷ் க்மியேச்சிக் முன்களத்தில் ஆடினார். 1984–85 ஐரோப்பியக் கோப்பை வாகையர் போட்டியில் ஹங்கேரியின் ஷியோஃபோக், சுவிட்சர்லாந்தின் செர்வெத் ஆகிய அணிகளை வென்று காலிறுதி வரை சென்றது. அங்கே டைனமோ மாஸ்கோ ஒரே ஒரு கோலில் வழிமறித்தது.

1986 அக்டோபரில் லாரிசாவின் சொந்த மைதானமான அல்காசரில் பாவோக் அணியுடனான ஆட்டத்தின்போது, எறியப்பட்ட தீப்பந்த வெடி தாக்கி லாரிசா ரசிகர் ஒருவர் உயிரிழந்தார்.

பட்டம் வென்ற பருவத்தில் பயிற்றுநர் யாட்செக் க்மோக். பொறியியல் படித்தவர், 1978 உலகக் கோப்பையில் போலந்து அணிக்குத் தலைமைப் பயிற்றுநர், 1984இல் பனாதினைகோஸுடன் கிரேக்க லீகை ஏற்கெனவே வென்றவர். எதிரணிகளைப் பற்றித் தகவல் திரட்டிக் குறிப்பெடுப்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் பரவலாகப் பேசப்பட்டது. அணியோ பெரும்பாலும் தெசலி மண்ணின் பிள்ளைகளால் ஆனது: கோல்காப்பில் ப்ளித்சிஸ், நடுக்களத்தில் வசிலிஸ் கராபியாலிஸ், தற்காப்பில் மித்சிபோனாஸ், முன்னே வலாவோராஸ்.

பருவத்தின் நடுவே வந்தது ஊக்கமருந்து விவகாரம். பனாதினைகோஸுடனான ஆட்டத்துக்குப் பின் லாரிசா வீரர் ஒருவரின் மாதிரியில் கோடீன் இருப்பதாக அறிவிக்கப்பட்டு, கழகத்தின் நான்கு புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே தரப்பட்ட காலம். ஆகவே இரண்டு வெற்றிகள் ஒரே கையெழுத்தில் மறைந்தன. ஊர் கொதித்தது. ஏதென்ஸையும் தெசலோனிகியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை லாரிசாவை ஒட்டியே செல்கிறது. மக்கள் அதில் அமர்ந்ததும் வடக்கும் தெற்கும் துண்டாயின. இறுதியில் விதி திருத்தப்பட்டது: தண்டனை வீரரோடு நின்றது, புள்ளிகள் கழகத்துக்குத் திரும்பின. அரசு மறியலுக்குப் பணிந்தது என்பது போட்டிக் கழகங்களின் குற்றச்சாட்டு. தனிநபர் தவற்றுக்கு அணியைத் தண்டித்த விதியே கோணல், அது நிமிர்த்தப்பட்டது என்பது லாரிசாவின் வாதம். கோடீன் இருமல், வலி மருந்துகளிலும் இருப்பது என்பதால், அது ஆட்டத்திறனை உயர்த்தவே எடுக்கப்பட்டதா என்பதிலும் கருத்து ஒருமித்ததில்லை. 

1988 மே 8 அன்று அல்காசரில் தெசலோனிகியின் இராக்லிஸ் அணியை வென்றால் பட்டம் உறுதி என்ற நிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்வரை கோல் இல்லை. அப்போது, கோல் போடுவது தன் வேலையாக இல்லாத மித்சிபோனாஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. 1–0. ஏ.ஈ.கே. ஏதென்ஸ் இரண்டாம் இடத்தில் நின்றது. மித்சிபோனாஸ் பின்னர் பாவோக், ஒலிம்பியாகோஸ் அணிகளுக்கும் ஆடினார். 1997இல் சாலை விபத்தில் காலமானார். 

சரிவும் மீட்சியும்: அடுத்த பருவத்து ஐரோப்பியக் கோப்பையில் சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் சாமாக்ஸ் அணியிடம் பெனால்டி உதைகளில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. கராபியாலிஸ் 1991இல் ஒலிம்பியாகோஸுக்குப் போனார். வெற்றியில் உருவான வீரர்களைப் பெரிய கழகங்கள் வாங்கிச் சென்றது சரிவுக்கு ஒரு காரணம்; பணமுடை மற்றொன்று. 1996இல் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. பின்னர் மூன்றாம் பிரிவு வரை வீழ்ந்தது. கோஸ்தாஸ் பிலாதாகிஸ் கழக நிர்வாகத்தின் பொறுப்பை ஏற்றபின் 2005இல் முதல் பிரிவுக்குத் திரும்பியது. 2007 மே 5 அன்று, யோர்கோஸ் தோனிஸின் பயிற்சியில், பனாதினைகோஸை 2–1 என வென்று இரண்டாம் கோப்பையைப் பெற்றது. ஆட்டம் நடந்தது அண்டை நகரமும் பழைய போட்டியாளருமான வோலோஸில் என்பதை லாரிசா ரசிகர்கள் சொல்லாமல் விடுவதில்லை. அந்த ஆண்டு யூஈஎஃப்ஏ கோப்பையில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸை வெளியேற்றி குழுச்சுற்றில் நுழைந்தது. அங்கு நான்கு ஆட்டங்களிலும் தோல்வி.

2010 நவம்பரில் சுமார் 16,000 இருக்கைகள் கொண்ட புதிய மைதானம் திறக்கப்பட்டது. அந்தப் பருவத்தின் முடிவிலேயே அணி முதல் பிரிவை இழந்தது. 2016இல் ஏறி, 2021இல் மீண்டும் இறங்கியது. 2025இல் முதல் பிரிவுக்குத் தகுதி பெற்றது.