எண்களின் கதை – 23: கையால் வென்ற 39 இலக்கம்

சென்ற வாரம் மெர்சென் பாதிரியாரின் 1644-ஆம் ஆண்டுப் பட்டியலில் நிறுத்தியிருந்தோம். 2-இன் எந்தெந்த அடுக்குகளிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று 257-ஆம் அடுக்கு வரை அவர் எழுதிவைத்தார். நிரூபணம் தரவில்லை. அந்தப் பட்டியலில் 127-உம் உண்டு.

2-இன் 127-ஆம் அடுக்கில் 1-ஐக் கழித்தால் வருவது இது:

170141183460469231731687303715884105727

மொத்தம் 39 இலக்கங்கள். இது பகா எண்தானா என்று வகுத்துப் பார்த்தே முடிவுசெய்வதென்றால், 20 இலக்க எண்கள் வரை போயாக வேண்டும். எந்த மனிதனுக்கும் ஆயுள் போதாது. மாமேதை ஆய்லரே 1772-இல் 31-ஆம் அடுக்கோடு நின்றுவிட்டார்.

1876-இல் இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் எதுவார் லூக்கா. பிரான்சின் அமியென் நகரில் 1842-இல் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தார், பிரஷியப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார், பிறகு பள்ளி ஆசிரியரானார். ‘ஹனோய் கோபுரம்’ என்ற வட்டுப் புதிரை 1883-இல் உலகுக்குத் தந்தவரும் இவர்தான்.

லூக்கா வகுத்திகளைத் தேடவே இல்லை. அவர் வழியின் எளிய வடிவத்தை 7-ஆம் அடுக்கில் பார்ப்போம். அங்கே சோதிக்க வேண்டிய எண் 127. முதலில் 3. அதன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தால் 7. மறுபடி அதையே செய்தால் 47. அடுத்தது 2207, அதை 127-ஆல் வகுத்தால் மீதி 48. 48-இன் வர்க்கத்தில் 2 போக 2302, மீதி 16. 16-இன் வர்க்கத்தில் 2 போக 254. மீதி பூஜ்யம்! ஆறாவது உறுப்பில் பூஜ்யம் வந்துவிட்டால் 127 பகா எண், வராவிட்டால் இல்லை. ஒரே ஒரு வகுத்தியைக்கூடக் கண்டுபிடிக்காமல் தீர்ப்புச் சொல்லும் இந்த உத்தியை, கணித வரலாற்றின் மிக அழகிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

127-ஆம் அடுக்குக்கு 126-ஆவது உறுப்பு பூஜ்யமாக வேண்டும். ஒவ்வொரு படியிலும் 39 இலக்க எண்களின் வர்க்கம், பிறகு மீதி. கணிப்பொறி இல்லாத காலத்தில் லூக்கா அந்த மலையைக் கடந்தார்.

அதே முறையால், மெர்சென் பகா எண் என்று சொன்ன 67-ஆம் அடுக்கு பகு எண் என்றும் காட்டினார். அதன் காரணிகளை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. 1903-இல் அமெரிக்கரான கோல் அவற்றைக் கண்டார்: 193707721, 761838257287.

லூக்காவின் 39 இலக்க எண் 1951 வரை, 75 ஆண்டுகள், அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. லெமர் 1930-இல் அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். தொடக்க எண் 4 ஆனது. 2024-இல் கிடைத்த 4,10,24,320 இலக்கப் பகா எண்ணை உறுதிசெய்ததும் அதே சோதனைதான்.

5-ஆம் அடுக்கின் எண் 31. 4-இல் தொடங்கி, நான்காவது உறுப்பு வரை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.