சொல்லாமல் சாகிற பெல்ட்

இன்னிக்குக் கொஞ்சம் என்ஜின் வரலாறு, மக்களே. கார் பைத்தியம் இல்லாதவங்களும் தைரியமாப் படிக்கலாம் :-)

கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றணும். அப்போதான் வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடும். இந்தக் கணக்கைக் காப்பாற்ற ரொம்ப காலம் செயினும் பல்சக்கரமும்தான் இருந்தன. நம்ம அம்பாசடரிலும் செயின்தான்.

பல் வைத்த ரப்பர் பெல்ட் 1940-களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காகப் பிறந்தது. பெருமளவில் தயாரான கார்களில் அதை முதலில் போட்டது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1962-இல், கிளாஸ் 1004 வண்டியில். 1966-இல் அமெரிக்காவில் பான்டியாக், இத்தாலியில் ஃபியட். அப்புறம் ஷெவ்ரலே வேகா. நான் படிக்கும் மொண்ட்ரியாலுக்கு வடக்கே, சாந்த் தெரேஸ் ஆலையிலும் 1973-74-இல் வேகா தயாரானது. நம்ம ஊருக்கு 1983-இல் மாருதி 800-ஓடும், 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரான சான்ட்ரோவோடும் பெல்ட் வந்து சேர்ந்தது.

விலை குறைவு, எடை குறைவு, சத்தமும் குறைவு. வினையே அந்தச் சத்தமின்மைதான். செயின் தளர்ந்தால் கடகடன்னு புலம்பும், நாமும் மெக்கானிக்கிடம் ஓடுவோம். பெல்ட் பெரும்பாலும் சொல்லாமலே சாகும். அதனால் இங்கே நோய் கண்டுபிடிப்பது என்பது பிரேதப் பரிசோதனைதான்.

என் அறை நண்பனின் பழைய காரில் இதை நேரிலேயே பார்த்தேன். என்ஜினைப் பிரித்து வேலை பார்த்து நாலு மாசம். ஜனவரியில், மைனஸ் 25-இல், கிளம்பவில்லை. பேட்டரின்னுதான் எல்லோரும் சொன்னாங்க. ஆனா பேட்டரி சோர்ந்தால் செல்ஃப் மோட்டார் முக்கி முனகணும். இதுவோ வழக்கத்தைவிட வேகமாய், பாரமே இல்லாமல் விர்ருன்னு சுற்றியது. அப்படின்னா கம்ப்ரஷன் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் கேம் அசையவே இல்லை. ஆனா மேல் கவரைக் கழற்றினால் பெல்ட் முழுசா இருக்கு!

கீழே, கிராங்க் பல்சக்கரத்தருகே மட்டும் வரிசையாய்ப் பல் உதிர்ந்திருந்தது. பெல்ட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் ஆயில் சீல் ஒழுகுதுன்னு அர்த்தம். ஓரம் பிய்ந்திருந்தால் புல்லி நேராக இல்லை. ஒரே இடத்தில் பல் போயிருந்தால்? பெல்ட் சுற்றும் ஏதோ ஒன்று இறுகிடுச்சு. தேடினால், வாட்டர் பம்ப் கையால் திருப்பவே வரலை. ரேடியேட்டரில் பனிக்கூழ். வேலை பார்த்தவர்கள் கூலன்ட்டில் தண்ணீரை அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். சரிபாதி கலந்திருந்தால் மைனஸ் 37 வரை தாங்கியிருக்கும்.

பட்டறைக்காரர் "பெல்ட் மட்டமான சரக்கு"ன்னு கைகழுவப் பார்த்தார். புது பெல்ட் மட்டும் போட்டிருந்தால் அடுத்த காலையே அதுவும் போயிருக்கும். உதிர்ந்த பல்லையும் பனிக்கூழையும் காட்டினதும் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதி நண்பனின் ஒரு மாத வாடகை. இரண்டு வால்வு வளைஞ்சிருந்ததே! சில என்ஜின்களில் கேம் நின்றுபோனால் பிஸ்டன் வால்வை இடிக்கும். அதனால் விர்ருன்னு சத்தம் கேட்டால், தயவுசெய்து மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீங்க.

2008-இல் ஐ10-க்குக் கொண்டுவந்த கப்பா என்ஜினில் ஹூண்டாய் செயினுக்கே திரும்பியது. என்னைக் கேட்டால், சாகுமுன் புலம்புகிற பாகமே நல்ல பாகம்.