அழியாத அடியெழுத்து
கல்முனைப் பக்கம் எங்கட வீடுகளில் விசிடி ஓடிய காலத்தில், படத்தின் அடியில் வந்த எழுத்தை மறைக்கவே ஏலாது. 1993இல் வந்த விசிடியில் உபதலைப்புக்கென்று தனித்தடம் இல்லை. காட்சியோடு சேர்த்தே பதிந்தார்கள். அதற்கு முன்னர் திரைப்படச் சுருளிலேயே அமிலத்தாலும் சூட்டாலும் எழுத்தைப் பொறித்தார்கள். 1996இல் வந்த டிவிடிதான் 32 உபதலைப்புத் தடங்கள் வரை இடம் கொடுத்தது. வேண்டிய மொழியை நாமே தெரிவு செய்யலாம்.

ஆனாலும் பொறிப்பது ஒழியவில்லை. கைமாறும் வீடியோவோடு தனிக் கோப்பு கூடவே போகாது. 2004 சுனாமியைப் பற்றி மருதமுனை மூத்தம்மா ஒருத்தர் கதைக்கிறதை சிங்கள நண்பனுக்கு அனுப்புவதென்றால், சிங்களத்தைப் பொறித்தே அனுப்பணும். ஆனா, பொறித்த பிழையும் அழியாது. அவ சொல்லாத ஒரு சொல் புகுந்தால், அதுவே அவட சாட்சியமாகிவிடும். அதனால பொறிக்காத மூலத்தையும் பத்திரமா வைச்சிருங்க.