முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிருமித்தொற்று: ஆன்டிபயாட்டிக் எப்போது காப்பாற்றும், எப்போது ஆபத்து?

கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபோது நடுவயதில் இருந்தவர்கள் இன்று 70 வயதை ஒட்டி இருக்கிறார்கள். நீங்கள் ஸ்கெலட்டனிலோ மாரிகுப்பத்திலோ வளர்ந்து, தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அங்கேயே முட்டி மாற்று ஆபரேஷன் முடித்துக் கூட்டி வந்துவிட்டீர்கள். மூன்றாவது வாரம், தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறது. சர்ஜன் சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறார், மெடிக்கல் ஷாப் தெருமுனையில் இருக்கிறது.

"அஞ்சு நாளைக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுங்க" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

இது எவ்வளவு பேருக்கு வரும்?

முதல்முறை மூட்டு மாற்று செய்துகொள்பவர்களில் 100-க்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்கு. சர்க்கரை நோய், உடல் பருமன், புகைப்பழக்கம் இருந்தால் வாய்ப்பு கூடும்.

மாத்திரை மட்டும் போதாதா?

பெரும்பாலும் போதாது. செயற்கை மூட்டின் உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதன்மேல் ஒட்டும் பாக்டீரியாக்கள் 'பயோஃபிலிம்' என்ற வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிவிடும். மருந்து அதைத் துளைத்துப் போவது கடினம்.

அதனால் அறுவை சிகிச்சையும் மருந்தும் சேர்ந்தேதான் போகும். தொற்று புதிது என்றால், மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற முயல்வார்கள். நாள்பட்டது என்றால் செயற்கை மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பல நேரங்களில் அதை எடுத்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த எலும்பு சிமென்டைத் தற்காலிகமாக வைத்து, தொற்று அடங்கிய பிறகு புது மூட்டைப் பொருத்துவார்கள். நாட்கள் தள்ளிப்போகப் போக, முதல் வழி அடைபட்டுக்கொண்டே வரும்.

கடை மாத்திரையால் என்ன கெட்டுவிடும்?

எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தேர்வு செய்ய முடியும். அதற்கு மூட்டு நீரையும் திசுவையும் எடுத்து கல்ச்சர் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன்பே அரைகுறையாக மாத்திரை போட்டால், கிருமி சாகாது. ஆனால் கல்ச்சரில் 'எதுவும் வளரவில்லை' என்று வந்துவிடலாம். நோயாளியின் நிலை அனுமதித்தால், மாதிரி எடுக்கும் முன் 2 வாரம் ஆன்டிபயாட்டிக் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே நிபுணர்களின் வழிகாட்டுதல்.

எத்தனை நாள் மருந்து?

இங்கே தரவு தெளிவாகப் பேசுகிறது. 2021-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, அறுவை சிகிச்சை முடிந்த சுமார் 400 பேரைப் பார்த்தது. 6 வாரம் மருந்து எடுத்தவர்களில் 18.1% பேருக்குத் தொற்று நீடித்தது. 12 வாரம் எடுத்தவர்களில் 9.4% பேருக்குத்தான். கிட்டத்தட்ட பாதி. வலி நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்துவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று இதிலிருந்தே புரியும்.

இன்னொரு நல்ல செய்தி: 1,054 பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில் (2019), எலும்பு-மூட்டுத் தொற்றுக்கு ஆரம்ப நாட்களுக்குப் பிறகு மாத்திரைக்கு மாறியவர்கள், நரம்பு வழி மருந்தைத் தொடர்ந்தவர்களைவிட மோசமாகவில்லை. சிகிச்சை தோல்வி முறையே 13.2%, 14.6%.

இவ்வளவு நாள் சாப்பிட்டால் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. ஆனால் கண்காணித்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

- ரிஃபாம்பிசின்: கல்லீரலைப் பாதிக்கலாம், ரத்தத்தை இளக்கும் வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.
- லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின்: குதிகால் தசைநார் கிழியலாம், சர்க்கரை அளவு ஏறி இறங்கலாம்.
- லினசோலிட்: 2 வாரத்தைத் தாண்டினால் ரத்த அணுக்கள் குறையலாம், மாதக்கணக்கில் போனால் நரம்பும் பார்வையும் பாதிக்கப்படலாம்.
- வான்கோமைசின்: சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும்.

எந்த மருந்தாக இருந்தாலும், கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தங்கவயல்காரர்கள் கூடுதலாகச் சொல்ல வேண்டியது

இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதலில் பதிவானது கோலார் சுரங்கங்களில்தான். கல்தூசு படிந்த நுரையீரலுக்கு காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். ரிஃபாம்பிசின் காசநோய் மருந்தும்கூட. வெளியே தெரியாமல் காசநோய் இருக்கும்போது, அதற்கான முழு மருந்துக் கூட்டு இல்லாமல் இதைக் கொடுத்தால், காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். எனவே அப்பா சுரங்கத்தில் எத்தனை வருடம் இறங்கினார், காசநோய் இருந்ததா, நாள்பட்ட இருமல் உண்டா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

கசிவு, புதிதாகச் சிவப்பு, கூடும் வலி, காய்ச்சல் என எது வந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரை அன்றே அழையுங்கள். காயத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். காய்ச்சலோடு நடுக்கமோ குழப்பமோ இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மருந்து தொடங்கிய பிறகு, ரத்தப் பரிசோதனைத் தேதிகளை உங்கள் போன் காலண்டரில் போட்டுவிடுங்கள். அப்பா மறந்தாலும் நீங்கள் மறக்கக்கூடாது.