காணும் பொங்கலா, கரிநாளா? தை 3-ம் தேதிக்கு இத்தனை பேர் ஏன்?

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். அரசு விடுமுறைப் பட்டியலில் அதன் பெயர் ‘உழவர் திருநாள்’. ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சென்னையில் கேட்டால் ‘காணும் பொங்கல்’ என்பார்கள். டெல்டா பக்கம் போனால், “அதுவா? கரிநாளுங்க” என்று பதில் வரும். ஒரே நாளுக்கு ஏன் இத்தனை பேர்?

காணும் பொங்கலுக்கு விளக்கம் எளிது. காண்பது, அதாவது பெரியவங்களையும் சொந்தக்காரங்களையும் போய்ப் பார்ப்பது. சென்னையில் அது மெரினா, வண்டலூர் உயிரியல் பூங்கா என்று குடும்பத்தோடு ஊர் சுற்றும் நாளாகிவிட்டது.

கரிநாள் பஞ்சாங்கத்தில் இருந்து வந்த சொல். புதிய காரியம், சுபகாரியம் தொடங்கக் கூடாது என்று ஒவ்வொரு தமிழ் மாதத்திலும் சில தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். தையில் முதல் மூன்று நாளுமே கரிநாள்தான். பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் சொந்தப் பெயர் இருப்பதால், மூன்றாம் நாளுக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அன்று பல வீடுகளில் அசைவம் சமைப்பதால் ‘கறிநாள்’ என்றே நினைப்பவர்களும் உண்டு. சாப்பாட்டுக்குப் பொருந்துகிறது, ஆனால் பஞ்சாங்கத்தில் இருப்பது சின்ன ‘ரி’.

இது வெறும் பேர் வித்தியாசம் இல்லை. “காணும் பொங்கலுக்குப் பொண்ணு பார்க்க வர்றோம்” என்று சென்னைக் குடும்பம் சொன்னால், தஞ்சாவூர் வீட்டில் “கரிநாள்ல எப்படிங்க?” என்று தயங்குவார்கள். லீவு நாள்தானே என்பது ஒரு பக்கம். நல்ல நாள் இல்லையே என்பது இன்னொரு பக்கம். பேரைச் சொல்லாமல் தேதியை மட்டும் பேசினால் இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது.

ஊரால் மட்டுமல்ல, குடும்பத்தாலும் பேர் மாறும். மாட்டுப் பொங்கல் அன்று காலையில் சில வீடுகளில் ‘கணுப் பொங்கல்’. பெண்கள் மஞ்சள் இலையில் கலர் கலரான சாத உருண்டைகளைக் காக்கைக்கு வைத்து, உடன்பிறந்தவர்கள் நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொள்வார்கள். அதே நாள் இலங்கைத் தமிழர்களுக்குப் ‘பட்டிப் பொங்கல்’. பட்டி என்றால் மாடு அடைக்கும் இடம். கொங்கு மண்டலத்திலும் பட்டிப் பொங்கல் உண்டு. அங்கே பண்டிகை என்றாலே ‘நோம்பி’தான், நோன்பு என்பதன் பேச்சு வடிவம். பெண்பிள்ளைகள் ஆவாரம்பூ பறித்துக் கும்மியடிக்கும் ‘பூப்பறிக்கிற நோம்பி’யும் பொங்கலை ஒட்டியே வருகிறது.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் ‘சிறுவீட்டுப் பொங்கல்’ தனி. மார்கழி முழுக்கக் கோலத்தில் சாண உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைப்பார்கள். அதைத் தட்டிக் காயவைத்த எருவைச் சேர்த்து வைப்பார்கள். தை பிறந்த பிறகு ஒருநாள், மண்ணால் சின்னதாக வீடு கட்டி, சிறுமிகளே அங்கே பொங்கல் வைப்பார்கள். பிறகு அந்த எருவை ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள்.