விதையும் நிலமும்

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்மொழியிலே கற்பித்த பெருமை யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு உரியது. அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 தொடக்கம் தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே பாடஞ் சொன்னார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் அவருடைய முயற்சியால் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய அவர், 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் றிக்மன் கொட்லீ என்னும் சத்திரவைத்தியர், ஒருவரின் மண்டையோட்டைத் திறந்து மூளைக் கட்டியொன்றை அகற்றினார். எக்ஸ் கதிர் கண்டறியப்படாத காலம் அது. கைகால்களின் தளர்ச்சியையும் வலிப்பையும் கொண்டே கட்டியின் இடத்தை மருத்துவர் கணித்தனர். கணித்த இடத்திலேயே கட்டி இருந்தது. நோயாளி ஏறத்தாழ ஒரு மாதத்தில் கிருமித் தாக்கத்தால் இறந்தாராயினும், மூளைச் சிகிச்சைக்கு வழி திறந்தது.

மூளையிற் காணும் புற்று இருவகைப்படும். ஒன்று அங்கேயே தோன்றுவது; மற்றையது நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளிலிருந்து இரத்தத்தின் வழியே வந்து குடியேறுவது. வளர்ந்தோரிடத்து மிகுதியாகக் காணப்படுவது இரண்டாவதே. அது செல்லுமிடத்தைத் தீர்மானிப்பது யாது?

இவ்வினாவை 1889இல் ஸ்டீபன் பஜெற் ஆராய்ந்தார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் தொகுத்து எண்ணினார். 241 பேரின் ஈரலில் நோய் பரவியிருந்தது; மண்ணீரலில் பரவியிருந்ததோ 17 பேருக்கே. பரவுதல் வெறும் தற்செயலாயின் இத்துணை வேறுபாடு தோன்றாது. விதை எங்கும் செல்லலாம்; ஏற்ற நிலத்திலேதான் முளைக்கும் என்பது அவர் முடிவு. செம்பாட்டு மண்ணிற் செழிக்கும் வெங்காயம் உவர்த்தரையிற் பட்டுப்போவதைக் கண்ட நம் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இரத்த ஓட்டத்தின் பாதையே அனைத்தையும் தீர்மானிக்கும் என்று 1928இல் ஜேம்ஸ் யூவிங் மறுத்துரைத்தார். பஜெற்றின் கருத்து நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. 1980இல் ஹார்ட், பிட்லர் என்போர் எலிகளின் தொடைத்தசையில் நுரையீரல் இழையத்தையும் சிறுநீரக இழையத்தையும் பதியஞ் செய்தனர். இரத்தத்திற் செலுத்திய புற்றுக்கலங்கள் முன்னதில் வளர்ந்தன, பின்னதில் வளரவில்லை. பாதையும் வேண்டும், நிலமும் வேண்டும் என்பதே இன்றைய தெளிவு.

மூளையோ வேலியிட்ட நிலம். உடலிற் செலுத்திய சாயம் ஏனைய உறுப்புகளிற் படிந்தும் மூளையிற் படியாமையை 1885இல் போல் ஏர்லிக் கண்டார். அவ்வேலி பல மருந்துகளையும் தடுக்கின்றது. வேலியைக் கடந்து குடியேறிய கலங்களுக்கோ அதுவே பெரும்பாலும் காவலாகின்றது.

இவ்வறிவு நோயாளிக்கு எவ்வாறு பயன்படும்? மார்பகத்திலிருந்து மூளைக்குச் சென்ற புற்று, மூளையில் இருப்பினும் மார்பகப் புற்றே. விதையின் இனமறிந்தே மருந்து தெரியப்படுகின்றது. ஆகவே, முன்னைய நோயை மறைக்காது மருத்துவரிடம் கூறுதல் உயிர்காக்கும் செயலாகும்.

கிறீனுக்குப் பின் இங்கு மருத்துவக் கல்வி ஆங்கிலத்தின் வழியே சென்றது. பஜெற்றின் கண்டுபிடிப்பும் அவ்வழியே வந்தது. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011இல் மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. “மார்பிலிருந்த நோய் தலைக்கு ஏன் வந்தது?” என்று ஒரு தாய் கேட்பாளாயின், அவளுக்கு விளங்கும் தமிழில் விடை கூறுதல் மானிப்பாய் தொடங்கிவைத்த பணியின் தொடர்ச்சியேயாகும்.