ஆண்டிமடமும் வரகூரும்: மறைந்துபோன இரண்டு தொகுதிகள்



"ஆண்டிமடம்னு தனியா ஒரு தொகுதி இருந்துச்சா சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். இருந்தது. 2006 சட்டமன்றத் தேர்தல் வரை இருந்தது. அந்த ஆண்டு அங்கே வென்ற எஸ்.எஸ்.சிவசங்கர், 2011இல் குன்னத்தில் நின்றுதான் வென்றார். இடையில் அவருடைய பழைய தொகுதியே மறைந்துவிட்டது.

அப்போது நம் பகுதியில் பெரம்பலூர், வரகூர், அரியலூர், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என ஐந்து தொகுதிகள். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையத்தின் உத்தரவு 2008இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டிமடமும் வரகூரும் போய், குன்னம் புதிதாக வந்தது. ஐந்து நான்கானது. பெரம்பலூர், வரகூர் என்று இரண்டாக இருந்த தனித்தொகுதி, பெரம்பலூர் ஒன்றாகக் குறைந்தது.

ஏன்? கணக்கு போட்டுப் பாருங்கள். 2001 கணக்கெடுப்பில் தமிழக மக்கள் தொகை சுமார் 6.24 கோடி, தொகுதிகள் 234. வகுத்தால் தொகுதிக்கு 2.67 லட்சம் பேர். பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்து 11.89 லட்சம். அதற்கு நாலரைக்கும் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது. அரைத் தொகுதி கொடுக்க முடியாதே! நான்கு என்று ஆனதால் இங்கே ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 2.97 லட்சம் பேர். மாநிலச் சராசரியைவிட 30 ஆயிரம் அதிகம்.

குன்னம் தொகுதி ஏன் இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது என்றும் கேட்பார்கள். ஆணையம் வேலை செய்தபோது அரியலூர் மாவட்டம் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டிருந்தது. 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. செந்துறைப் பகுதி அரியலூர் மாவட்டத்துக்குப் போனது. தொகுதியோ குன்னத்திலேயே நின்றது.

தலைக்கணக்குப்படி பிரிப்பது தவறில்லை. இங்கிலாந்தில் ஓல்டு சாரம் என்ற இடத்தில் குடியிருப்பவர் யாருமே இல்லை; ஆனாலும் இரண்டு எம்.பி.க்கள்! 1832இல்தான் அதை ஒழித்தார்கள். அந்த அநியாயத்துக்கு நம் முறை எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று. ஆணையம் முதலில் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும். பொதுமக்கள் முன் அமர்வும் நடத்தும். அப்போது எத்தனை பேர் போய்ப் பேசினோம்? இறுதி உத்தரவு வந்தபின் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 329ஆவது பிரிவு. அடுத்த மறுவரையறை பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. வரைவு வரும்போது உங்கள் ஊர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். சரியில்லை என்றால் மனு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.